பின்வராந்தாவில் வைத்த வான்கோழி

மாவிஸ் ஜெயித்தவை இவை: தேவாலயச் சமையற்கூடத்தின் சாவி, பெரிய ஓவன் முன்னால் நிற்கும் உரிமை, சாமான் அறைக் கதவில் ஒரு வரி இடம். கென்டக்கியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு, பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் மனமுவந்து கொடுக்கவில்லை. அவளுடைய அக்கா ஹெஸ்டருக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்து ஊரில் குடியிருந்த அவள், அன்று உதவிக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

நன்றித் திருநாளன்று சபையார் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான் சாப்பிடுவார்கள். வான்கோழியை வாட்டியவள் விருந்து முடிந்ததும் சாமான் அறைக் கதவின் உட்புறத்தில் தன் பெயரை எழுதுவாள். பல வருடமாக அங்கே இருந்தது மாவிஸின் நாத்தனார் பெர்னிஸின் பெயர்தான். அந்த வருடம் வாட்டும் வேலையைப் பாதிரியார் மாவிஸிடம் ஒப்படைத்தார். பெர்னிஸால் தாங்க முடியவில்லை. முந்தின மாலையே யாரிடமும் சொல்லாமல் சமையற்கூடத்துக்கு வந்து, ரொட்டியும் வெங்காயமும் கலந்த உள்ளடைப்பைப் பறவைக்குள் திணித்து, பின்வராந்தாவில் வைத்துவிட்டுப் போனாள். நவம்பர் மாதத்தில் குளிர்பெட்டி எதற்கு என்பது அந்த ஊரின் வழக்கம். ஆனால் அந்த இரவு குளிரவே இல்லை.

காலையில் மாவிஸ் பறவையின் மார்பில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"ராத்திரி பூரா வெளியிலயா வச்சிருந்தீங்க, அண்ணி?"

"எங்க அம்மா அப்படித்தான் வச்சா. யாரு செத்தா?"

"இது ஆகாது. நான் புதுசா உள்ளடைப்பு செஞ்சு, தனியா தட்டுல வச்சு வாட்டிக்கறேன்."

"தட்டுல வச்சா அது உள்ளடைப்பா? உள்ளே இருக்கணும்டி, பேரே அதுதானே! உங்க ஊர்ல தொப்பியைக் கால்ல மாட்டுவாங்களோ?"

கூடமே சிரித்தது. மாவிஸ் சிரிக்கவில்லை. பறவையைத் தூக்கிக் காகிதப் பையில் போட்டு, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெர்னிஸ் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "உனக்குக் குப்பை. எங்க வீட்டு மேசைக்கு இது விருந்து. இன்னிக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிடுவோம், வேடிக்கை பாரு."

"வேண்டாம், அண்ணி. நிஜமாத்தான் சொல்றேன்."

"உங்கிட்ட யாரு கேட்டா?"

ஹெஸ்டர் வீட்டுக்குப் போய், தன் குளிர்பெட்டியில் உறைபனி முழுதாக இளகியிருந்த வான்கோழியைக் கொண்டுவந்தாள். மாவிஸ் அதைக் கழுவவில்லை. தண்ணீர் தெறித்தால் கிருமி மேடையெல்லாம் பரவும் என்று துணியால் ஒற்றி எடுத்து, ஓவனில் வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மதியம் தாண்டி, பறவையின் மார்பில் செருகியிருந்த, வெந்ததும் தானே எழும்பும் பிளாஸ்டிக் பொத்தான் மேலே வந்தது.

"வெந்துடுச்சு, எடு!" என்றாள் பெர்னிஸ்.

"பொத்தான்தான் சொல்லுது. தொடை இன்னும் சொல்லலை."

எலும்பில் படாமல் தொடையின் ஆழத்தில் வெப்பமானியைக் குத்தினாள். வெந்ததற்கு அடையாளமான நூற்று அறுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடவில்லை. மறுபடி உள்ளே தள்ளினாள். வெளியே மேசைகளில் முள்கரண்டிகள் தட்டத் தொடங்கின.

"பசிச்சா ரொட்டியைக் கடிங்க!" என்று ஹெஸ்டர் கதவு வழியாகக் கத்தினாள். தங்கையின் பிடிவாதம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

வெந்த பறவை சாறு வற்றாமல் மேசைக்கு வந்தது. யாரும் பாராட்டவில்லை, மிச்சமும் வைக்கவில்லை. மாவிஸ் பேனாவோடு போனபோது பெர்னிஸ் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"இடம் இல்லை. தட்டுல வாட்டினவ பேரு இங்க ஏறாது."

பாதிரியார் தொண்டையைச் செருமி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார்.

ஞாயிறன்று பெர்னிஸ் வீட்டு வரிசை காலியாக இருந்தது. அவள் வீட்டுக்காரன் மட்டும் வெளிறிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். "எல்லாருக்கும் வயித்தால போகுது, சாமி. யாராலயும் எழுந்திருக்க முடியலை. மாவிஸ் ஏதோ செய்வினை வச்சுட்டான்னு சொல்லச் சொன்னா."

"அந்தச் செய்வினையை உங்க பொண்டாட்டிதான் பையில போட்டுத் தூக்கிட்டுப் போனா" என்றாள் ஹெஸ்டர்.

பாதிரியார் சமையற்கூடத்துச் சாவியை மாவிஸிடம் நீட்டினார். அவள் உள்ளே போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்து, பெர்னிஸின் பெயருக்குக் கீழே அவசரப்படாமல் எழுதினாள்: மாவிஸ் க்ளைன், 1986 நவம்பர் 30.