சந்தனத்துக்கு அடியில் ஒரு நம்பர்

எங்கள் மாட்டுக் கொட்டகையில் நிற்கும் மோட்டார் சைக்கிள் என்ன வண்டி என்று யாருக்கும் தெரியாது. என் கணவரின் தாத்தா நாற்பதுகளில், யுத்தம் முடிந்த சமயத்தில் வாங்கியது. லீவில் வந்து அதை ஓட வைக்கப்போவதாக மஸ்கட்டிலிருந்து இவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்று பழைய வண்டிகளுக்கான குழு ஒன்றில் படம் போட்டேன்.

"எஞ்சின் நம்பர் இல்லாம சொல்ல முடியாதுங்க" என்றார்கள்.

நம்பர் இருக்கும் இடத்தில், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கரண்டிக் காம்பால் சுரண்டினேன்.

மாமியார் பார்த்துவிட்டார்.

"என்னத்தா இது, சாமிக்கு வச்ச பொட்டப் போயி சுரண்டுற! அங்கிட்டு அவன் ரோட்டுல லாரி ஓட்டிக்கிட்டு இருக்கான்!"

நான் எம்.எஸ்சி. இயற்பியல். உடனே இவருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பதினேழு தடவை. பாப்பாவை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதற்குள் புதுச் சந்தனம் குழைத்து அதே இடத்தில் அப்பியிருந்தார்.

குங்குமம் வைத்தது நான்தான்.

சற்றுமுன்தான் இவர் பேசினார். "ரூம்லயே போன வச்சிட்டுப் போயிட்டேன்மா. ஏன் அழுகுற? நம்பர் கெடச்சுச்சா?"

முதல் மூன்று எண்கள் மட்டும் பார்த்தேன்: 471. இதை வைத்து யாராவது சொல்ல முடியுமா?

மீதியையும் சுரண்டச் சொல்பவர்கள், இவர் பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள்.