ஆக்சிஜன் குறைந்த மலையும் அடங்காத பயணிகளும்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மலை, மலைமேல் ஒரு கோயில். காஞ்சிபுரத்திலிருந்து அந்தப் பனிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போய் மூச்சோடு திருப்பிக் கொண்டுவருவது என் பிழைப்பு. பயணிகளை மேய்த்துப் பழகியவர்களே, நீங்கள் என் கட்சி.

கம்மியும் ஜாஸ்தியும்

புறப்படுமுன் ஒரு கூட்டம் போட்டு விளக்குவேன். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. அது குறைந்தால் செல்கள் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் ஆக்சிஜனிலிருந்தே சில முரட்டு மூலக்கூறுகள் அதிகமாகக் கிளம்பி, அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கும். இதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். முன்வரிசையில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் தனலட்சுமி அக்கா, கணவர் ஏகாம்பரத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்கா கேட்டார்: "வூட்ல சோறு கம்மி ஆனா சண்டை ஜாஸ்தி ஆவுதே, அந்த மாதிரியாப்பா?"

மாத்திரை மிட்டாய்

அந்த முரடுகளை அடக்க உடம்பிலேயே காவல் உண்டு, பழமும் காய்கறியும் அதற்குத் துணை என்றுதான் சொல்லியிருந்தேன். ஏகாம்பரம் அண்ணன் தன் வசதிக்கு அதைச் சுருக்கிக்கொண்டார். மலைமுகாமில் இறங்கியதிலிருந்து வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய்போல் சப்பிக்கொண்டே இருந்தார். மறுநாள் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடந்தே தன் மலையேற்றத்தை முடித்துவிட்டார். மேலே போகக்கூடாது என்றார் முகாம் டாக்டர். அண்ணன் என்னைப் பார்த்து ஈனக்குரலில் சொன்னார்: "ஸ்ட்ரெஸ் போச்சுப்பா. கூடவே எல்லாம் போச்சு."

கருநீல விரல்

ஏறுமுன் எல்லோர் விரலிலும் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டுவோம். எண் குறைந்தால் கீழே அனுப்பிவிடுவோம். அக்காவின் எண் அதலபாதாளத்தில் இருந்தது.

"வேண்டுதல்பா. இன்னொரு வாட்டி வர எங்களுக்கு எங்க தோதுப்படும்?" என்றார் அக்கா.

அண்ணன் முகத்திலோ நிம்மதி. "மெஷினே சொல்லுது, வா, ரெண்டு பேரும் எறங்கிடலாம். எனக்கும் கஞ்சி வெக்க ஆள் வேணும்."

அக்கா அவரோடு சண்டைக்குப் போனார், அதுவும் மூச்சு வாங்காமல். ஆக்சிஜன் குறைந்தால் கறுக்கும் உதடும் கறுக்கவில்லை. அப்போதுதான் கையைப் பார்த்தேன். கிளம்பிய அன்றுவரை சாயத்தொட்டி வேலை, நகமெல்லாம் கருநீலம். விரலுக்குள் புகுந்துவரும் ஒளியை வைத்துத்தானே கிளிப் கணக்குப் போடுகிறது! டாக்டரிடம் சொன்னதும், காதுமடலில் மாட்டும் கிளிப்பை எடுத்தார். அக்காவின் எண் டாக்டருடையதைவிட நன்றாக இருந்தது.

"அப்போ எனக்குக் கஞ்சி?" என்றார் அண்ணன்.

"கேன்டீன்ல கேளுங்க. அவசரப்படாம ஏறணும்னு தம்பி சொல்லிக்கீறாரு, நான் வர சாயந்திரம் ஆவும்" என்ற அக்கா, சால்வையை இறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

உயரம் போனால் உடம்பில் என்னென்ன அரிக்குமோ தெரியாது, கணவனுக்குக் கஞ்சி வைக்கும் பழக்கம்தான் முதலில் அரித்துப்போகிறது என்பது என் ஆராய்ச்சி முடிவு.