கோணல் கட்டு

நோர்வூட் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெருமாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய சேவலை நாய் கடித்துக் கால் ஒடிந்த அன்று, லயத்து வரிசை வீடுகளில் அவளிடம் ஏச்சு வாங்காத ஆளில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் சாமிக்கு அறுப்பதாகப் புருஷன் ராமையா நேர்ந்துவிட்ட சேவல் அது. ஆனால் குஞ்சிலிருந்து அவள் கையில்தான் தின்று வளர்ந்தது.

காயத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவி, இரண்டு தேயிலைக் குச்சிகளை வைத்து, கொழுந்து பறிக்கும்போது விரலில் சுற்றும் துணியால் காலைக் கட்டினாள். நொய்யை ஊறவைத்து ஊட்டினாள்.

"பூசைக்குள்ள நடந்துருமா?" என்று ராமையா தினமும் கேட்டார்.

"கடிச்ச நாயப் போய்க் கேளுங்க!"

ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்ததும் சேவல் நடந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. பார்க்க வந்த பூசாரி உதட்டைப் பிதுக்கினார்.

"நொண்டிச் சேவல் சாமிக்கு ஆகாதுங்க அக்கா. வேற பாருங்க."

"எல்லாம் என் தலையெழுத்து" என்று புலம்பியபடி பெருமாயி சேவலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கட்டு கோணலாக இருந்ததை அவள் மூன்றாம் நாளே பார்த்திருந்தாள். அவிழ்த்துக் கட்டவில்லை.