எரிந்து எரிந்து சலித்த நரம்பு

அடுத்தவர் வலியைக் கண்ணால் பார்க்காமலே நம்புவதுதான் வலி மருத்துவர்களான எங்கள் தொழில். முதுகைப் பிடித்துக்கொண்டே இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெளிநாட்டில் முதுகுத்தண்டு ஆராய்ச்சியில் பதினெட்டு வருடம் போக்கிவிட்டு, எண்பதுகளின் கடைசியில் திருத்தணி மார்க்கெட் பக்கம் கிளினிக் போட்டேன்.

சட்டையைத் தோளில் போட்டவர்

பள்ளிப்பட்டு நெசவாளர் முனிரத்தினம். விலாவில் வந்த அக்கி ஆறி மூன்று மாதமாகியும் வலி போகவில்லை. சட்டை பட்டால் நெருப்பு. தறிக்கயிற்றை இழுத்தால் கை விலாவில் உரசும். அதனால் தறி சும்மா கிடந்தது.

தோல் நரம்பு முதுகுத்தண்டுக்குள் ஒரு குட்டிப் புரதத் துணுக்கைக் கசியவிடும், அது அடுத்த நரம்பை உசுப்பிவிட்டால் சட்டை உரசுவதும் வலியாகவே போய்ச் சேரும் என்று விளக்கினேன். அவர் மனைவி சுலோசனா கேட்டார்: "உள்ள ஒருத்தன் கோள் சொல்லிகினு இருக்கான்னா, அவன் வாய மூட மருந்து குடுங்க சார்."

நான்காம் நாள்

வெளிநாட்டு நண்பர் அனுப்பிய மிளகாய்ச் சத்துக் களிம்பைக் கொடுத்தேன். காரம் அந்தத் துணுக்கை மொத்தமாகக் கொட்டவைக்கும். விடாமல் தடவினால் கையிருப்பு தீர்ந்து நரம்பு அடங்கும். முதலில் எரியும் என்றும் சொல்லியிருந்தேன்.

இரண்டு நாள் தடவிவிட்டு நிறுத்தியவர், நான்காம் நாள் வந்து டியூபை மேஜைமேல் வைத்தார். "எரியுதுன்னு வந்தவனுக்கு மொளகா தடவி அனுப்பற டாக்டர எங்க ஊர்ல யாரும் பார்த்ததில்ல சார்."

மிளகாய் மண்டி கோவிந்தம்மா

முழங்கால் வலிக்காக பெஞ்சில் காத்திருந்த கோவிந்தம்மா, மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளுபவர், முனிரத்தினத்திடம் கையை நீட்டினார். "மொத வாரம் அழுதுகினேதான் கிள்ளினேன், அண்ணா. அப்பறம் எரிஞ்சி எரிஞ்சி கைக்கே சலிச்சிப்போச்சி. நடுவுல நின்னீனா, மறுபடி மொதல்லேர்ந்து அழுவணும்."

முனிரத்தினம் டியூபை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

சட்டை போட்டு வந்தவர்

ஆறு வாரம் கழித்து சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இன்னும் சுருக்கென்று குத்துகிறதாம், ஆனால் அரைநாள் தறியில் உட்கார முடிகிறது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சுலோசனா சொன்னார்: "அவருக்குத் தேவலாம் சார். தலகாணி, போர்வ எல்லாம் களிம்பு. இப்ப எனக்குத்தான் எரியுது."

வலியைப் போக்குகிறோம் என்று போர்டு மாட்டிக்கொள்கிறோமே தவிர, பாதி நேரம் அதைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவதுதான் எங்கள் வேலை.