நாற்பத்தொரு பெயரும் ஒரு மழையும்

ராஜபாளையத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஜாபிரிடம் நாற்பது வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதன் மெமரியில் அடங்காது. அதற்குள் படமும் இசையும் ஓடவைப்பதில் யார் கெட்டிக்காரன் என்று ஐரோப்பாவில் போட்டி நடத்துகிறார்கள். கலந்துகொண்ட எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. தன் பெயர் போட்ட அந்தத் தாள் ஒன்று வேண்டும் என்பதுதான் ஜாபிரின் ஆசை.

எட்டு மாதம் உட்கார்ந்து 'மலை மழை' என்று ஒன்றைச் செய்தான். மேற்கே நாம் தினமும் பார்க்கிற மலைதான். அதில் மேகம் இறங்கும், மழை பெய்யும், கூடவே இசை வரும். எல்லாம் போட்டி விதித்த நாலு கேபிக்குள், அதாவது நாலாயிரத்துச் சொச்சம் பைட்டுக்குள். நான் மூன்று தடவை திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன்.

முடிவில் வேண்டியவர்கள் பெயரை வரிசையாக ஓடவிடுவது அந்தப் போட்டியின் வழக்கம். இதை அவன் மாமனார் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

"மாப்ள, எம் பேர மொத ஆளாப் போட்டுருங்க. முன்னால ஹாஜின்னு இருக்கட்டும்" என்றார் மாமனார் மைதீன் பிச்சை. மறுநாள் சேத்தூர் மாமி அசீனா போன் செய்தார். ஆறு வருடமாகப் பேசாதிருந்த சோழபுரம் சாச்சா, அவனுக்குச் சித்தப்பா, அவன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விடுபட்டதைச் சொல்லிக்காட்டவே கூப்பிட்டார். பட்டம், படிப்போடு நாற்பது பெயர் சேர்ந்தது. பதினோராவதாக பால்ச்சாமி என்று வரும். அது நான்தான். பக்கத்துக் கடைக்காரனை விட்டால் நன்றாகவா இருக்கும்?

ஓர் எழுத்துக்கு ஒரு பைட். பெயர் ஏற ஏற முதலில் இசை போனது. பிறகு மேகம். பிறகு மலையே போனது. மழை மட்டும் நாலு கோடாக மிஞ்சியது. எல்லாருக்கும் கீழே, செய்தவன் என்ற முறையில், ஜாபிர் என்று வெறும் பெயர் மட்டும் இருந்தது.

அனுப்பவேண்டிய நாளில் அவன் மனைவி சப்ரீன் திரையைக் கடைசிவரை பார்த்தாள்.

"அம்புட்டுப் பேரும் இருக்காவ. எம் பேரு எங்க?"

ஜாபிர் தன் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டான். ஆங்கிலத்தில் அவனுக்கு ஐந்து எழுத்து, அவளுக்கு ஏழு. பற்றாத இரண்டு பைட்டுக்காக மழையும் நின்றது.

கடைசி இடம். சான்றிதழ் வந்தது. செய்தவர் பெயர் எங்கும் இல்லாததால், போட்டிக்காரர்கள் திரையில் முதலில் ஓடிய பெயரையே அதில் எழுதியிருந்தார்கள்: ஹாஜி மைதீன் பிச்சை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனாரின் பாத்திரக்கடையில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் பதினோராவது பெயர் என்னுடையது, வாய் திறக்க முடியவில்லை. யாராவது விசாரித்தால் மாமனார் பெருந்தன்மையோடு சொல்கிறார்:

"நம்ம மாப்ளையும் கொஞ்சம் ஒத்தாசையா இருந்தாவ."