அக்கா வீட்டு வாசல் கேமரா எந்தப் பக்கம் பார்ப்பது

காலை ஆறு மணி பத்து நிமிடம். பேருந்திலிருந்து இறங்கி அக்கா வீட்டுச் சந்துக்குள் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டவை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் நின்ற இரண்டு கால்கள். தலை சன்ஷேடுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கால்கள் அக்காவுடையவை. அவள் கையில் ஒரு காலித் தீப்பெட்டி இருந்தது. அதைச் சுவரில் ஓர் இடத்தில் வைத்துக் காட்டுவதும், சரியாக இருக்கிறதா என்று கீழே நின்ற மாமாவைக் கேட்பதும், அவர் வாய் திறப்பதற்குள் வேறு இடத்துக்கு மாற்றுவதுமாக இருந்தாள். கேமரா என் பையில் இருந்தது. அது வந்து சேருவதற்குள் இடத்தை முடிவு செய்துவிட வேண்டும் என்று தீப்பெட்டியை வைத்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் பழவேற்காடு ஏரியை ஒட்டியது. மாமாவுக்கு ஏரியில் வலை. அக்காவுக்கு நண்டு. ஊரார் ஏரியில் பிடிக்கும் சேற்று நண்டுகளைக் காலையில் அவளிடம் கொண்டுவந்து போடுவார்கள். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, கூடைகளில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி வாசலோரம் வைப்பாள். எத்தனை நண்டு என்று வியாபாரிக்குப் போனில் சொல்லிவிடுவாள். சாயங்காலம் ஆரம்பாக்கத்திலிருந்து அவருடைய வண்டி வந்து எடுத்துப்போகும். சில வாரங்களாகக் காலையில் சொன்ன எண்ணிக்கைக்கும் சாயங்காலம் ஏறிய எண்ணிக்கைக்கும் இடையில் தினமும் இரண்டு நண்டு குறைந்தது. சின்னது குறையவில்லை. வண்டிக்காரர்கள் எக்ஸெல் என்று தனியாகப் பிரிக்கும் பெரிய நண்டுதான் குறைந்தது.

வியாபாரி மரியாதையான மனிதர். திருட்டு என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் கணக்கு நேராகாவிட்டால் வண்டி எதிர் வீட்டில் நிற்கும் என்று மட்டும் சொன்னார். எதிர் வீடு மாமாவின் பெரியப்பா மகனுடையது. நண்டு சேர்த்துத் தருவதற்குத் தனக்கும் வசதி உண்டு என்று அந்த வீட்டு அம்மாள் ஏற்கெனவே அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

அதனால்தான் கேமரா. சென்னையிலிருந்து நான் வாங்கிப்போனது சிம் போட்டு ஓடும் சாதாரண வகை. போனில் படம் தெரியும். ஆனால் தலையைக் கையால்தான் திருப்ப வேண்டும். தானாகத் தலை சுற்றும் வகை எதற்கு, நம் வாசல் ஓர் இடத்தில்தானே இருக்கிறது என்று அக்காதான் சொன்னாள். பின்னால் வந்ததெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தது.

நான் துளைபோடும் மெஷினை எடுப்பதற்குள் ஊரில் பாதிப்பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எல்லாரிடமும் ஆலோசனை இருந்தது.

முதல் ஆலோசனை மாமாவுடையது.

"திருடன் எப்பவும் பின்பக்கமாத்தான் வருவான். பின்னாடி வெச்சிடு."

"கூடைங்க முன்னாடி கீது," என்றாள் அக்கா.

மதியம் அக்கா கண்ணயரும் நேரத்தில் மாமா சீட்டாடப் போவது முன்வாசல் வழியாக. இது எனக்கே தெரியும்.

சந்து வழியாகப் படகுத் துறைக்குப் போகும் ஒருவர், இடது தூண் மட்டும் வேண்டாம் என்றார். அங்கே வைத்தால் சந்து முழுக்கத் தெரியும், பிடித்து வரும் மீனின் மேல் கண் படும் என்றார். கேமராவுக்குக் கண்திருஷ்டி உண்டா என்று கேட்டேன். கேமராவுக்கு இல்லை, அதைப் பார்க்கிறவர்களுக்கு உண்டு என்றார். அவர் முந்தைய நாள் என்ன பிடித்தார், எங்கே பிடித்தார் என்று அவர் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்பதை மாமா பிறகு சொன்னார். டீக்கடைக்காரர், வலது தூணில் வைத்தால் கடைக்குப் பின்னால் உட்காருபவர்கள் சங்கடப்படுவார்கள் என்று பொதுவாகக் கவலைப்பட்டார். அவர் கருத்தில் கேமரா ஏரியைப் பார்த்தபடி இருப்பதே நல்லது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றாவது தெரியும்.

பத்திரிகையில் செய்தி மேசையில் முப்பது ஆண்டு உட்கார்ந்த பழக்கத்தில் யார் எதைச் சொல்கிறார் என்பதோடு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்ப்பேன். ஒவ்வொருவரும் சொன்ன இடத்திலிருந்து அவரவர் நடக்கும் வழி மட்டும் தெரியாது. மற்ற எல்லாருடைய வழியும் நன்றாகத் தெரியும். கேமரா இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அதற்குள் ஊரில் யார் எப்போது எங்கே போகிறார் என்பது பெரும்பாலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் அக்கா யாரையும் கேட்காமல் வாசல்படிக்கு நேர் மேலே மாட்டச் சொன்னாள். மாட்டினேன். போனில் படம் வந்தது. கூடைகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், சந்துக்கு அந்தப் பக்கம், எதிர் வீட்டு வாசலும் முற்றத்தில் குளிப்பதற்காகக் கட்டியிருந்த தட்டியும் தெரிந்தன.

எதிர் வீட்டு அம்மாள் சேலையைத் தோளில் இழுத்துவிட்டபடி வந்தார். அக்காவைவிட மூத்தவர்.

"எங்கூட்டு வாசல எதுக்குமா படம் புடிக்கிற? எங்கூட்ல இன்னா சினிமாவா ஓடுது?"

"உங்கூட்ட யாரு பாக்கறா யக்கா. நான் நண்ட பாக்கறேன்."

"நண்டு எங்கூட்லயா கீது?"

அக்கா குனிந்து கூடையின் சாக்கை இழுத்து மூடினாள்.

விஷயம் சாயங்காலம் ஊர்த் தலைவரிடம் போனது. அவர் வந்து, புது வலையைப் பார்ப்பது போலக் கேமராவைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். இது எவ்வளவு தூரம் பார்க்கும் என்று கேட்டார். சொன்னேன். இருட்டில் பார்க்குமா என்று கேட்டார். பார்க்கும் என்றேன். இரண்டு பதிலும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஊரில் ஏரியைப் பங்கிடுவதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல மீன் விழும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. சீட்டு எடுத்து, முறை வைத்து, இன்று இன்னாருடைய பாடு என்று போவார்கள். ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் வலை போட்டால் பிடித்ததில் பங்கு கொடுக்க வேண்டும். சண்டை வராமல் ஏரியில் பிழைப்பதற்கு ஊர் கண்டுபிடித்த வழி அது. கேமராவுக்கென்று தலைவரிடம் தனியாகச் சட்டம் எதுவும் இல்லை. இருந்த சட்டத்தை எடுத்து மாட்டினார். பார்வை விழுவது பொதுச் சந்தில். அதனால் பார்வையும் பொது. வாரத்துக்கு ஒரு பக்கம் என்று பாடு வைத்துவிடலாம்.

சிகரெட் அட்டையைக் கிழித்து நான்கு சீட்டு எழுதினார்கள். எதிர் வீட்டுப் பக்கம், துறைக்குப் போகும் சந்து, டீக்கடைப் பக்கம், அக்கா வீட்டு வாசல். குலுக்கியதில் எதிர் வீட்டுக்கு முதல் பாடு விழுந்தது. அக்கா வாசலுக்கு நான்காவது.

"எங்கூட்டு கேமரா, எங்கூட்டு கரண்டு. எங்கூட்டு வாசலுக்கு நாலாவது பாடா?" என்றாள் அக்கா.

தலைவர் நிதானமாகச் சொன்னார்: "ஏரி கூடத்தான் உங்கூட்டு முன்னாடி கீது. டெய்லி நீயேவா வல போடற?"

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் திருப்புவது, அந்தந்த வாரத்துக்குப் பாடு உள்ளவரே வந்து திருப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று. காலையில் படம் பிடிக்கக் கூடாது என்ற வீட்டுக்கு இப்போது அது உரிமை. எதிர் வீட்டுக்காரர் உடனே நாற்காலியில் ஏறி, கேமராவின் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, தன் வாசற்படிக்கு நேராக வைத்தார். குளிக்கும் தட்டியை முன்னதாகவே பின்பக்கம் மாற்றிவிட்டிருந்தார். அக்காவின் கூடைகள் படத்திலிருந்து போய்விட்டன.

அந்த வாரம் எதிர் வீட்டில் நடந்ததைச் சென்னையில் இருந்தபடி நான் பார்த்தேன். அக்கா போனில் போட்ட அதே செயலியை என் போனிலும் போட்டிருந்தேன். கோலம் வழக்கத்தைவிடப் பெரிதானது. வாசலைக் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் பெருக்கினார்கள். வீட்டுக்காரர் ஏரியிலிருந்து திரும்பியதும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் அக்காவின் கூடையில் வழக்கம்போல இரண்டு எக்ஸெல் குறைந்தது.

அக்கா அழுகிற ரகம் இல்லை. கேமரா தன் கூடையைப் பார்க்காவிட்டால் கூடை கேமராவுக்கு முன்னால் போக வேண்டும் என்று மூன்றாம் நாள் முடிவெடுத்தாள். காலையில் நண்டைக் கட்டி முடித்ததும் கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சந்தைக் கடந்து, எதிர் வீட்டு வாசற்படியோரம், படத்துக்கு நடுவில் வரிசையாக வைத்தாள். அன்று ஒரு நண்டும் குறையவில்லை.

மறுநாள் நான் ஊருக்குப் போயிருந்தேன். கூடைகள் எதிர் வீட்டு வாசலில் இருந்தன. எதிர் வீட்டு அம்மாள் வெளியே வந்து அவற்றை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எம் பாட்ல உன் கூடைங்க கீது. பங்கு குடு," என்றார்.

அக்கா தலைவர் வீட்டுக்கு நடந்தாள். பின்னால் நானும் போனேன். வலைக்கு ஒரு நியாயம், கூடைக்கு ஒரு நியாயம் என்று ஊரில் இல்லை என்றார் தலைவர். ஒரு நாளைக்கு இரண்டு நண்டு என்று அவரே விதித்தார். எண்ணிக்கையை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை. அக்கா வேகமாகத் திரும்பி வந்தாள். சாக்கை விலக்கி, எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல ஒதுங்கி நின்றாள்.

எதிர் வீட்டு அம்மாள் மேலாக இருந்த நண்டுகளைத் தொடவில்லை. மூன்றாவது கூடைக்கு நேராகப் போய், பக்கவாட்டில் கையை விட்டு, அடியிலிருந்து இரண்டு எக்ஸெல் எடுத்தார். சின்னவை நசுங்காமல் இருக்கட்டும் என்று அக்கா பெரிய நண்டுகளை மூன்றாவது கூடையின் அடியில் போடுவது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த வழக்கம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேமராவைப் பார்த்தேன். அது இதையெல்லாம் தெளிவாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஆனால் பதிவானது பங்கு எடுப்பது. அதில் குற்றம் எதுவும் இல்லை.

"பேஜாருடா," என்றாள் அக்கா.

அன்றிலிருந்து பங்கு போன பிறகே வியாபாரிக்குப் போன் செய்தாள். காலையில் சொன்ன எண்ணிக்கையே சாயங்காலம் ஏறியது. மாதக் கடைசியில் வியாபாரி வண்டியோடு நேரில் வந்து, கேமரா வைத்ததும் எல்லாம் உஷாராகிவிட்டது பாருங்கள் என்று பாராட்டினார். வண்டி அக்கா வாசலிலேயே நின்றது. எதிர் வீட்டு அம்மாளும் இப்போது அவரிடம் வசதி பற்றிப் பேசுவதில்லை.

கூடைகள் கேமராவோடு ஊர்வலம் போகத் தொடங்கின. சந்துப் பாட்டில் பங்கு துறைக்காரர்களுக்கு. அந்த வாரம் மீனோடு அந்தச் சந்தில் ஒருவரும் வருவதில்லை. சுற்றுவழியாகப் போய்விட்டு, கால் வலிக்கிறது என்று சொல்லிப் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ள வருவார்கள். டீக்கடைப் பாட்டில் பங்கு டீக்கடைக்காரருக்கு. அந்த வாரம் கடையில் நண்டுக் குழம்பு கிடைக்கும். நான்காவது வாரம் கேமரா அக்கா வாசலைப் பார்க்கும். அந்த வாரம் கூடையும் வாசலில் இருக்கும். பங்கும் இல்லை, குறைவதும் இல்லை. அந்த வாரத்தில் மட்டும் மாமா சீட்டாடப் பின்பக்கமாகப் போவார் என்பதை அக்காவே போனில் பார்த்துச் சொன்னாள். பின்பக்கம் போகிறவரை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். முன்பக்கம் போகாததைப் பார்த்தேன் என்றாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் என் போனில் படம் நின்றது. உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்க வேண்டும். புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன் என்றேன்.

"வாணாம்டா," என்றாள் அக்கா. "இப்பதான் எல்லாம் ஒழுங்கா போய்னு கீது."

மழை விட்டதும் ஒரு வெள்ளிக்கிழமை காலை போனேன். சன்ஷேடுக்குக் கீழே கேமரா இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. எதிர் வீட்டுக்காரர் நாற்காலியில் ஏறி, லுங்கி முனையால் கண்ணாடியைத் துடைத்து, அதைத் தன் வாசல் பக்கம் திருப்பி வைத்தார்.