வெற்றிடத்தில் முத்திரை

படமுள்ள ஒவ்வொரு பக்கத்திலும் வெற்றிடம் பார்த்து முத்திரை குத்த வேண்டும் என்பது எங்கள் சிட்னி நூலக விதி. எழுபதுகளில் ஒருநாள், பக்கத்துக்கொரு கவிஞரின் உருவமும் அதன் மேலே தூரிகை எழுத்தில் அவர் கவிதையும் அச்சான பழைய ஜப்பானிய நூலொன்றில் குத்திக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்க வரும் ஜப்பானிய அம்மையார் ஒருபோதும் உட்காரமாட்டார். மேசையைச் சுற்றியபடியே படிப்பார். ஐந்தாம் பக்கத்தில் என் கையைப் பிடித்துவிட்டார்.

“நிறுத்துங்கள்! கவிதைக்கும் முகத்துக்கும் நடுவில்தான் அவர் யோசிக்கிறார்.”

“அது வெற்றிடம், மேடம்.”

“உங்கள் நெற்றியும்தான். அங்கே குத்துங்களேன்!”

விதியெல்லாம் மனப்பாடமான நான் முத்திரையைக் கீழே வைத்தேன். மீதிப் பக்கங்களுக்கு விலக்குக் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வந்ததா என்று அவர் தினமும் வந்து மேசையைச் சுற்றினார். பதில் வருமுன்பே நான் ஓய்வுபெற, என் இடத்துக்கு வந்தவர் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பக்கங்களிலும் குத்தி முடித்தார். விலக்கு அளிக்கும் பதில் திங்கட்கிழமை வந்தது.